மணிலாவின் மூன்று வழக்குகள்

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "உங்க ஆதார் நம்பர்ல போன பார்சல்ல போதைப்பொருள் இருந்திருக்கு, நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க" என்று போலீஸ் உடை போட்ட ஒருவன் வீடியோ காலில் வந்து மிரட்டியிருக்கிறான். யாரிடமும் சொல்லக்கூடாது, போனை வைக்கக்கூடாது என்று இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் 4 லட்சத்துச் சொச்சம் போய்விட்டது. சித்திக்கே மூன்றாம் நாள்தான் தெரியும்.

புகாரை எழுதி வாங்கிய உதவி ஆய்வாளர் பொறுமையான மனிதர். சித்தப்பாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னார்: "பணம் முதல்ல போன அக்கவுண்ட்டுக்காரனை எப்படியும் புடிச்சிருவோம் சார். ஆனா கூப்பிட்டவன் நம்ம நாட்டுலயே இல்ல. அங்க போய் நாங்க என்ன பண்ண முடியும்?"

சித்தப்பா வகுப்பில் கேட்பது போலவே கேட்டார்: "ஏன் சார், திருட்டு எந்த நாட்டுலயும் திருட்டுதானே?"

அவர் சிரித்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. இருபத்தி நாலு வருடமாக சாஃப்ட்வேர் தொழிலில் இருக்கிறேன். ஒரு பாக்கெட் சென்னையிலிருந்து நியூயார்க் போகும் வழியைச் சொல்லத் தெரியும். ஒரு வழக்கு சென்னையிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகும் என்று தெரியாது. அன்றிலிருந்து ஓய்வு நேரத்தில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எல்லா வழியும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது: பிலிப்பைன்ஸின் மணிலா. பதினாறு வருட இடைவெளியில் இரண்டு பெரிய வழக்குகள், அதன் பிறகு வேறு மாதிரியான மூன்றாவது ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் சித்தப்பாவின் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது.

முதல் வழக்கு: காதல் கடிதம்

2000-ஆம் ஆண்டு மே 4, வியாழக்கிழமை. நான் அப்போது பி.இ. கடைசி வருடம். எங்கள் லேபில் இணைய இணைப்பே வாரத்தில் பாதி நாள்தான் இருக்கும், அதனால் தப்பித்தோம். உலகம் தப்பிக்கவில்லை.

'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல். கூடவே ஒரு கோப்பு. பெயரைப் பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்பு மாதிரி, அதாவது டிஎக்ஸ்டி என்று முடிவது போலத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால் உண்டு. தெரிந்த வகைக் கோப்புகளின் வாலை மறைத்துக் காட்டுவது அன்றைய விண்டோஸின் இயல்பான அமைப்பு. கடிதம் என்று நினைத்துத் திறந்தால், அது விஷுவல் பேசிக் ஸ்க்ரிப்டில் எழுதிய ஒரு நிரல். அது அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் அதே கடிதத்தை உங்கள் பெயரில் அனுப்பும். கணினியில் இருக்கும் புகைப்படங்களையும் வேறு பல கோப்புகளையும் தன்னைக் கொண்டு மேலெழுதி அழிக்கும். எம்பி3 பாட்டுக் கோப்புகளை மட்டும் ஏனோ அழிக்காமல் ஒளித்து வைக்கும்.

வந்த கடிதம் முன்பின் தெரியாதவரிடமிருந்து வரவில்லை, கூட வேலை பார்ப்பவரிடமிருந்தும் மேலதிகாரியிடமிருந்தும் வந்தது. அதனால்தான் ஜனங்கள் திறந்தார்கள். ஆசியாவில் அலுவலகம் திறந்த நேரத்தில் கிளம்பி, ஐரோப்பாவில் காலை விடியும்போது அங்கே போய், பிறகு அமெரிக்கா. சூரியனோடு சேர்ந்து உலகத்தைச் சுற்றியது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை தன் மின்னஞ்சல் அமைப்பையே மூடி வைத்தது. பென்டகனும் தப்பவில்லை. பத்து நாளுக்குள் கோடிக்கணக்கான கணினிகளைத் தொட்டுவிட்டது.

இப்போது துப்பறியும் பகுதிக்கு வருவோம். இந்தப் புழு இன்னொரு வேலையும் செய்தது. பிலிப்பைன்ஸ் இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் சர்வரிலிருந்து வேறொரு நிரலை இறக்கிக்கொள்ளப் பார்த்தது. அந்த நிரல் கணினியில் இருக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடி பிலிப்பைன்ஸில் இருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பும். போதாததற்கு, நிரலின் முதல் வரிகளிலேயே மணிலா என்று எழுதி வைத்திருந்தான், பள்ளிக்கூடம் போகவே பிடிக்கவில்லை என்ற குறிப்போடு. சேவை நிறுவனத்தின் லாக், அதிலிருந்து தொலைபேசி எண், அதிலிருந்து வீடு. பிலிப்பைன்ஸின் தேசியப் புலனாய்வு அமைப்பும் அமெரிக்காவின் எஃப்பிஐயும் சேர்ந்து தேடி, மே 8-ஆம் தேதி மணிலாவில் ஒரு அடுக்ககத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். நாலே நாள்!

அதற்கு முன்பே ஒரு சிக்கல் வந்திருந்தது. வீட்டைச் சோதனையிட நீதிபதியிடம் உத்தரவு வாங்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ்? கணினிக்குள் அத்துமீறி நுழைவதையோ வைரஸ் பரப்புவதையோ குற்றம் என்று சொல்லும் சட்டம் பிலிப்பைன்ஸில் அன்று இல்லை. கடைசியில் கிரெடிட் கார்டு மோசடியைத் தடுக்க 1998-ல் போட்ட ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

விரைவில் ஒனெல் டி குஸ்மான் என்ற மாணவர் மீது சந்தேகம் திரும்பியது. ஏஎம்ஏ கணினிக் கல்லூரியில் படித்தவர். இணையப் பாஸ்வேர்டுகளைத் திருடும் ஒரு நிரலைத்தான் தன் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பாகக் கொடுத்திருந்தார். காசு கொடுத்து இணையம் வாங்க முடியாதவர்களுக்கு அது உதவும் என்பது அவருடைய வாதம். கல்லூரி அதை நிராகரித்துவிட்டது. மே 11-ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன் கறுப்புக் கண்ணாடி போட்டு, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். தவறுதலாக வெளியே போயிருக்கலாம் என்ற அளவுக்குத்தான் வாயைத் திறந்தார்.

ஜூன் 14-ஆம் தேதி பிலிப்பைன்ஸ் அவசரமாக மின்வணிகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஹேக்கிங் செய்தாலோ வைரஸ் பரப்பினாலோ 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, குறைந்தது 1 லட்சம் பெசோ அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தால் மே 4-ஆம் தேதி நடந்ததைத் தொட முடியாது. ஒரு செயல் நடந்த பிறகு சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கக் கூடாது என்று பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பே சொல்கிறது. நம் அரசியலமைப்பிலும் 20-ஆவது பிரிவில் இதே பாதுகாப்பு இருக்கிறது. கிரெடிட் கார்டு சட்டம் இதற்குப் பொருந்தாது என்று அரசு வழக்கறிஞர்களே முடிவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 21-ஆம் தேதி குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

சரி, அமெரிக்காவில்தான் சட்டம் இருந்ததே, அங்கே அனுப்பி வழக்கு நடத்தியிருக்கலாமே? இங்கேதான் நான் அதுவரை கேள்விப்படாத ஒரு விதி குறுக்கே வந்தது. ஒரு நாடு தன் மண்ணில் இருக்கும் ஒருவரை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால், அவர் செய்தது இரண்டு நாட்டுச் சட்டப்படியும் குற்றமாக இருக்க வேண்டும். 'இரட்டைக் குற்றத்தன்மை' என்கிறார்கள். மணிலாவில் அது குற்றமில்லை. ஆகவே ஒப்படைப்பும் இல்லை.

இருபது வருடம் கழித்து, ஜெஃப் வைட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டி குஸ்மானைத் தேடிப் பிடித்தார். மணிலாவில் ஒரு சின்னக் கடையில் செல்போன் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், நான்தான் எழுதினேன் என்று ஒத்துக்கொண்டார். இணையத்துக்குக் காசில்லாமல் பாஸ்வேர்டு திருட எழுதியது, இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றார்.

பிலிப்பைன்ஸைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நம் காலண்டரையும் பார்த்துவிடுவோம். ஹேக்கிங், வைரஸ் பற்றிப் பேசும் இந்தியாவின் முதல் சட்டமான தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது 2000 ஜூன் 9-ல். நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 17-ல். அந்தப் பையன் மணிலாவில் இல்லாமல் சென்னையில் இருந்திருந்தாலும் போலீஸ் பழைய சட்டங்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்திருக்கும்.

ஒரே அகராதி

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காதல் கடிதம் கிளம்புவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஏப்ரல் 27-ஆம் தேதி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய கவுன்சில் ஒரு வரைவை வெளியிட்டது. சைபர் குற்றம் பற்றிய முதல் சர்வதேச ஒப்பந்தத்தின் வரைவு. (ஐரோப்பிய கவுன்சில் வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. நானும் கொஞ்ச நாள் குழம்பினேன்.) 1997-லிருந்து நிபுணர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது அது. அதுவரை வக்கீல்களுக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு ஓட்டையை ஒரு மாணவர் உலகத்துக்கே காட்டிவிட்டார். ஒப்பந்தம் 2001 நவம்பர் 23-ல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 2004 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது.

புடாபெஸ்ட் ஒப்பந்தம் என்றால் ஏதோ உலகப் போலீஸ் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு இன்டர்ஃபேஸ். உள்ளே எப்படி எழுதிக்கொள்கிறீர்கள் என்பது உங்கள் பாடு. வெளியிலிருந்து கூப்பிட்டால் எல்லா நாடும் ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முக்கியமாக மூன்று விஷயம் அதில் இருக்கிறது.

ஒன்று, பொதுவான அகராதி. அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது, தரவைக் கெடுப்பது, கணினி அமைப்பை முடக்குவது, கணினி வழி மோசடி, குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சித்தரிக்கும் படங்கள் என்று ஒரு பட்டியல். சேரும் நாடுகள் இவற்றைத் தங்கள் சட்டத்தில் குற்றமாக்க வேண்டும். இரட்டைக் குற்றத்தன்மைச் சிக்கல் அதோடு பெருமளவு தீர்ந்துவிடும்.

இரண்டு, சாட்சியத்தைப் பாதுகாப்பது. கத்தியில் இருக்கும் ரேகை நாலு மாதம் கழித்தும் இருக்கும். சர்வர் லாக் நாலு வாரத்தில் காணாமல் போகலாம். ஆகவே 'கொடு' என்று கேட்கும் முன்பே 'அழிக்காமல் வை' என்று கேட்கும் வழி. 90 நாள் வரை அப்படி வைக்கச் சொல்லலாம்.

மூன்று, ஒவ்வொரு நாட்டிலும் வாரம் ஏழு நாளும் இருபத்தி நாலு மணி நேரமும் போன் எடுக்கும் ஒரு தொடர்பு மையம். நம் தொழிலில் ஆன்-கால் டியூட்டி என்போமே, அதேதான். இந்த யோசனை புடாபெஸ்டுக்கும் முன்னால் ஜி-8 நாடுகளிடமிருந்து வந்தது.

இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. தெற்காசியாவில் முதலில் சேர்ந்தது இலங்கை, 2015-ல். 2007-லேயே கணினிக் குற்றச் சட்டம் ஒன்றை இயற்றி வைத்திருந்ததால் அவர்களுக்கு அது சுலபமாக இருந்தது. இந்தியா சேரவில்லை. எழுதும்போது எங்களைக் கேட்கவில்லை, எழுதி முடித்த பிறகு கையெழுத்து மட்டும் ஏன் போட வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் 32-ஆவது பிரிவு. தரவை வெளியிடும் அதிகாரம் உள்ளவர் சம்மதித்தால், அந்த நாட்டு அரசைக் கேட்காமலேயே இன்னொரு நாட்டுப் போலீஸ் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. இது இறையாண்மைக்குள் கை வைப்பது என்று ரஷ்யாவும் கடைசி வரை ஒதுங்கியே நின்றது. பிலிப்பைன்ஸ் சேர்ந்தது 2018-ல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் மணிலாவின் பெயர் மறுபடியும் அடிபட்டது.

இரண்டாம் வழக்கு: நாலு நாள் விடுமுறை

2016 பிப்ரவரி 4, மறுபடியும் ஒரு வியாழக்கிழமை. வங்கதேசத்தின் மத்திய வங்கியான பங்களாதேஷ் வங்கி, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி ஸ்விஃப்ட் வழியாக 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95.1 கோடி டாலர். அனுப்பியது வங்கி இல்லை, வங்கியின் கணினிகளுக்குள் மாதக்கணக்கில் குடியிருந்த திருடர்கள்.

நேரத்தை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். பிப்ரவரி 8 திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஸ்விஃப்ட் செய்திகளை அச்சடிக்கும் பிரிண்டரையும் வேலை செய்யவிடாமல் பண்ணி வைத்திருந்தார்கள். டாக்கா ஊழியர்கள், பிரிண்டர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

35-ல் 30 உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்றுபோயின. பணம் போகவேண்டிய வங்கிக் கிளை மணிலாவின் ஜூபிடர் தெருவில் இருந்தது. ஜூபிடர் என்ற சொல் தடைப்பட்டியலில் இருந்த வேறு ஒரு பெயரோடு ஒத்துப்போக, எச்சரிக்கை மணி அடித்தது. தற்செயல்தான். மீதி ஐந்தில் ஒன்று, 2 கோடி டாலர், இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் பெயருக்குப் போனது. 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேன்டேஷன்' என்று யாரோ தப்பாக அடித்திருந்தார்கள். வழியில் இருந்த ஒரு வங்கி அந்த எழுத்துப் பிழையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. கொழும்பிலும் இவ்வளவு பெரிய தொகையா என்று யோசித்தார்கள். பணம் திரும்பிப் போனது.

மிச்சம் நாலு உத்தரவுகள், 8.1 கோடி டாலர், மணிலாவுக்குள் இறங்கியது. சுமார் ஒன்பது மாதம் முன்னால் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் திறந்து வைத்திருந்த நாலு போலிக் கணக்குகளுக்கு. நிறுத்துங்கள் என்று டாக்கா அனுப்பிய செய்தி விடுமுறை நாளில் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை பணம் வெளியே எடுக்கப்பட்டது.

எங்கே போனது? சூதாட்ட விடுதிகளுக்கு. இது செலவழிக்கும் ஆசையில் செய்தது இல்லை. பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதில் வங்கிகள் உண்டு, சூதாட்ட விடுதிகள் கிடையாது. 2013-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் அவற்றை வெளியே விட்டார்கள். வங்கியின் வாசல் வரை பணத்துக்குத் தடம் இருந்தது. விடுதிக்குள் போய்ச் சில்லுகளாக மாறியதும் தடம் முடிந்துபோனது.

அதே ஊரில், பதினாறு வருடம் கழித்து, அதே மாதிரி ஒரு ஓட்டை. முதல் முறை அந்த மாணவர் ஓட்டையைத் தேடிப் போகவில்லை, அது தானாக அவரைக் காப்பாற்றியது. இரண்டாம் முறை வந்தவர்கள் கோடில் ஓட்டை தேடிய அதே கவனத்தோடு சட்டத்திலும் தேடியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2017 ஜூலையில் சூதாட்ட விடுதிகளையும் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கம்போல, பணம் போன பிறகு. இடைத்தரகர் ஒருவர் சுமார் 1.5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார். வங்கிக் கிளையின் மேலாளருக்கு 2019 ஜனவரியில் தண்டனை கிடைத்தது. உள்ளே நுழைந்த ஹேக்கர்களில் ஒருவர் என்று பாக் ஜின் ஹ்யோக் என்ற வடகொரியர் மீது அமெரிக்கா 2018-ல் குற்றம் சாட்டியது. அப்படி ஒரு ஆளே இல்லை என்றது வடகொரியா. அகராதி ஒன்றாக இருந்தால் போதாது, எதிர்முனையில் போனை எடுக்கும் விருப்பமும் வேண்டும்.

உதவி ஆய்வாளர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சித்தப்பாவின் வழக்கும் சின்ன அளவில் இதே மாதிரிதான். கணக்கை வாடகைக்குக் கொடுத்தவன் மாட்டுவான். கூப்பிட்டவன் மாட்டமாட்டான்.

மூன்றாம் வழக்கு: ஒரு எழுத்து

இதுவரை படித்தவர்களுக்கு ஒரே முடிவுதான் தோன்றும்: ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடு, எல்லா நாடும் ஒரே சட்டம் போடு, கேட்டவுடன் ஆளை ஒப்படை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மூன்றாவது வழக்கைப் படிக்கும் வரை.

பிலிப்பைன்ஸ் 2012 செப்டம்பரில் முழுமையான சைபர் குற்றத் தடுப்புச் சட்டம் ஒன்றைப் போட்டது. புடாபெஸ்ட் பட்டியலில் உள்ளவை எல்லாம் அதில் உண்டு. கூடவே அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றும் ஏறிக்கொண்டது: இணையத்தில் எழுதும் அவதூறு. அச்சில் எழுதினால் என்ன தண்டனையோ அதைவிட ஒரு படி கூடுதல்.

ராப்ளர் என்ற செய்தித்தளம் ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது 2012 மே மாதம். அதாவது சட்டம் வருவதற்கு நாலு மாதம் முன்னால். 2014 பிப்ரவரியில் அந்தக் கட்டுரையில் ஒரு ஆங்கிலச் சொல்லின் எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள். ஒரே ஒரு எழுத்து. அந்தத் திருத்தம் மறுபதிப்புக்குச் சமம், ஆகவே கட்டுரை சட்டத்துக்குப் பிறகு வந்ததாகத்தான் கணக்கு என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2020 ஜூன் 15-ஆம் தேதி மணிலா நீதிமன்றம் ராப்ளரின் மரியா ரெஸ்ஸாவையும் அவருடைய முன்னாள் சகா ஒருவரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே இருந்தபோதே, 2021-ல், ரெஸ்ஸாவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

கோடிக்கணக்கான கணினிகளைக் கெடுத்தவரைச் சட்டம் பின்னோக்கிப் போய்த் தொட முடியாது என்று விட்ட அதே ஊர் இது. இங்கே ஒரு எழுத்துப் பிழையின் மேல் ஏறிச் சட்டம் பின்னோக்கிப் போய்விட்டது.

இதுவும் நமக்குப் புதிதில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2012-ல் புதுச்சேரியில் ஒருவர் மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக அதன் கீழ் கைது செய்யப்பட்டார். 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. ஹேக்கரைப் பிடிக்கப் போட்ட வலையில் யார் யாரோ விழுகிறார்கள்.

ஹனோயில் நடந்தது

நாங்கள் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த அதே வாரத்தில், வியட்நாமின் ஹனோயில் ஐநாவின் சைபர் குற்ற ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அன்று எனக்கு அது தெரியாது. ரஷ்யா முன்னெடுத்து, 2019-ல் தீர்மானமாகி, வருடக்கணக்கில் பேசி, 2024 டிசம்பர் 24-ல் ஐநா பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. ஹனோயில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன. 40 நாடுகள் முறைப்படி உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும். புடாபெஸ்டில் எங்களைக் கேட்கவில்லை என்று சொன்ன நாடுகளுக்கும் இந்த முறை மேஜையில் இடம் இருந்தது. அது நல்ல விஷயம்.

பயமும் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் சைபர் குற்றங்களுக்கு மட்டுமில்லாமல், எந்தக் 'கடுமையான குற்றத்துக்கும்' மின்னணுச் சாட்சியம் கேட்க இந்த ஒப்பந்தம் வழி செய்கிறது. கடுமையான குற்றம் என்றால் எது? அந்தந்த நாட்டுச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை நாலு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் போதும். ஒரு அரசு தன்னை விமர்சிப்பதற்கே ஐந்து வருடம் என்று சட்டம் போட்டிருந்தால்? மனித உரிமை அமைப்புகளும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் ஒரே குரலில் எதிர்த்தது இதைத்தான். அப்படிப்பட்ட கோரிக்கையை மறுக்க ஒப்பந்தத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். மறுப்பதற்கான வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? உங்கள் நாட்டில் அது குற்றம், எங்கள் நாட்டில் இல்லை என்று சொல்வது. பழைய இரட்டைக் குற்றத்தன்மை!

2000-ல் டி குஸ்மானைக் காப்பாற்றியபோது அதை எல்லோரும் ஓட்டை என்றார்கள். நாளைக்கு வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதும் ஒரு பத்திரிகையாளரைக் காப்பாற்றினால் அதையே பாதுகாப்பு என்போம். விதி ஒன்றுதான். அதை முழுக்க எடுத்துவிடவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. எந்தெந்தச் செயல்களுக்கு எடுப்பது என்று பட்டியல் போடுவதில்தான் இருபத்தைந்து வருடச் சண்டையும். அந்தப் பட்டியல் எவ்வளவு குறுகலாக, எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஆக, திருட்டு எல்லா நாட்டுலயும் திருட்டுதான். ஆனா எதைத் திருட்டுன்னு எழுதி வச்சிருக்கான்னு பார்க்கணும்ங்கிற" என்றார். நான் இரண்டாயிரத்துச் சொச்சம் வார்த்தையில் எழுதியதை வாத்தியார் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அவரைக் கூப்பிட்டவர்கள் கம்போடியாவிலோ மியான்மரிலோ இருந்திருக்கலாம் என்பது காவல் நிலையத்தில் சொன்ன ஊகம். அந்த மோசடிக் கூடங்களில் உட்கார்ந்து போன் பண்ணுபவர்களில் பலர் வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள். 2022-ல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்த தமிழ் இளைஞர்களின் செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அவர்கள் குற்றவாளிகளா, பாதிக்கப்பட்டவர்களா? இதற்கு எந்த ஒப்பந்தத்தின் பட்டியலிலும் சுலபமான பதில் இல்லை.

போன பணத்தில் 60 ஆயிரத்துச் சொச்சம் ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது, நீதிமன்றம் வழியாகத் திரும்பி வரும் என்கிறார்கள். மற்றதெல்லாம் போனதுதான். பங்களாதேஷ் வங்கியின் திருடர்களுக்கு நாலு நாள் விடுமுறை கிடைத்தது. சித்தப்பாவின் திருடர்களுக்கு அவருடைய வெட்கமும் பயமும் இரண்டு நாள் வாங்கிக் கொடுத்தன. நம் சட்டப் புத்தகத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத ஒரு சட்டத்தைச் சொல்லித்தான் அவரைக் கட்டிப்போட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது சொல்லி வையுங்கள். கூடவே 1930 என்ற எண்ணையும். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அதற்கு எந்த நாட்டுக் கையெழுத்தும் தேவையில்லை.